ஒரு தாளில் நான்கு பக்கம்

கடைசிப் பிரதியின் முதுகில் ஸ்டேப்லரை வைத்து அழுத்திய நேரத்தில்தான் விவியனின் கைப்பேசி அடித்தது. மேசை முழுவதும் புத்தகங்கள். அவற்றின் அடியில் கிடந்ததைத் தேடி எடுப்பதற்குள் அது ஓய்ந்து, மறுபடி அடித்தது. நவமணி அக்கா. எடுத்த எடுப்பிலேயே அவர் குரல் சிரித்துக்கொண்டு வந்தது.

“பிள்ள, நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்? எங்க ஃப்ளாட்டுக்காரங்க எல்லாம் வாராங்க. பழைய எஸ்டேட்டு ஆளுங்க ஒரு வேன் நெறைய. நவமணி படம் புக்குல வந்திருக்காம், பாத்தே ஆகணும்னு ஒரே கூத்துலா இங்க.”

“காலையிலயே வாங்கக்கா. கூட்டம் சேர்றதுக்குள்ள.”

“சரி சரி. ஏய், பல்லு போட்டுத்தானே வரைஞ்ச?”

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டு முடித்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஆமாக்கா,” என்றாள் விவியன்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். விவியனின் பொய்க்குக் கால் மட்டுந்தான் இருந்தது. கைப்பேசியை வைத்த நிமிடத்திலிருந்து அது அவளை ஓரிடத்தில் உட்கார விடவில்லை. ஜன்னலுக்குப் போனாள். கீழே ஈப்போ பழைய நகரத்தின் தெருவில் சனிக்கிழமைக் கூட்டம் வெள்ளைக் காப்பிக்கு வரிசை பிடித்திருந்தது. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். மை எப்போதோ போயிருந்தது. திரும்பி வந்து, அடுக்கி வைத்திருந்த புத்தகங்களைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

“எறும்புப் புத்துல நின்னவ மாதிரி ஆடுற. யாரு ஃபோன்ல?” என்றாள் மீனாள். தரையில் சம்மணமிட்டு, ஒரு சில்வர் கரண்டியின் முதுகால் மடிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்த மாடியிலேயேதான் திருவிழா. தாங்களே எழுதி, வரைந்து, ஃபோட்டோஸ்டாட் எடுத்து, மடித்துத் தைத்து விற்கிற சின்னச் சின்னப் புத்தகங்களுக்கான திருவிழா. மேகஸீன் என்பதைச் சுருக்கி, பிள்ளைகள் அந்தப் புத்தகங்களை ஸீன் என்கிறார்கள். மலாய்க்காரப் பையன்கள், சீனப் பெண்கள், பினாங்கிலிருந்து வரும் கவிஞர்கள் என்று ஆளுக்கொரு மேசை. தமிழுக்கு ஒரே மேசை, இவர்களுடையது. கம்பார் சாலையில் ரப்பர்த் தோட்டம் ஒன்று இருந்தது. அது விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டபின் ஜனங்கள் சிம்பாங் பூலாயில் அடுக்குமாடிகளுக்குக் குடிபோனார்கள். விவியனின் பெற்றோரும் அவர்களில் சேர்த்தி. கண்ணாடிக் கடையில் வேலை முடிந்த மாலைகளில் அவள் அந்த ஜனங்களின் முகங்களை வரைந்து வந்தாள். அந்த முகங்கள்தான் இந்தப் புத்தகம்.

அதில் ஒரே ஒரு கதை, மீனாளுடையது. தைப்பிங்கில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, ஈப்போவில் வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எழுதுவாள் என்பதே அண்ணனைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. சொந்தப் பெயரில் அச்சான முதல் எழுத்து இதுதான். “கதை எழுதி யாரு சோறு போடுறா?” என்று எப்போதும் கேட்கும் அண்ணன் சிதம்பரத்தை, நாளைக்குத் தைப்பிங்கிலிருந்து வரச் சொல்லியிருந்தாள். வருகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் அவள் காலையிலிருந்து பசியாறக்கூட இல்லை.

விவியன் ஒரு பிரதியை எடுத்து, படம் இருந்த பக்கத்தை விரித்துத் தரையில் வைத்தாள். “நவமணி அக்கா. பல்லு போட்டு வரைஞ்சியான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

மீனாள் கரண்டியை வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

மாதா கோயில் திருநாள் சமையல் முடிந்த மதியம் அது. சமையற்கட்டின் பின்புறம், கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் நவமணி உட்கார்ந்திருந்தார். பல்செட் ஈறை உறுத்துகிறது என்று கழற்றி டம்ளரில் போட்டிருந்தார். பாதிரியாரின் நாய் ஒரு முழு அப்பளத்தை உடையாமல் கவ்விக்கொண்டு ஓடியதைப் பார்த்து அவருக்கு வந்த சிரிப்பு, கையால் வாயை மறைக்கவும் மறந்த சிரிப்பு. கன்னம் உள்ளே போய், கண் மூடி, முகமே ஒரு கையளவாகச் சுருங்கி, ஆனால் அதற்குள் இருந்த ஆனந்தம்! விவியன் வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் வரைந்தாள். தான் வரைந்ததிலேயே இதுதான் நல்ல படம் என்று அவளுக்குத் தெரியும். திருவிழாவை நடத்தும் கிளென் இதையே சுவரொட்டிக்குக் கேட்டான். இல்லை, இது புத்தகத்துக்குள் இருக்கட்டும் என்று நடுத்தாளில் வைத்தாள். பக்கத்தைப் புரட்டினால் மீனாளின் கதை. நல்லதும் நல்லதும் சேர்ந்திருக்கட்டும் என்ற ஆசை.

மடித்துத் தைக்கிற புத்தகத்தில் எந்தப் பக்கமும் தனியாக இருப்பதில்லை. ஒரு தாளில் நான்கு பக்கம். நடுத்தாளின் முதல் பக்கம் நவமணி, மற்ற மூன்றும் மீனாள்.

“வெள்ளத் தாள் ஒட்டிறலாமா?” என்றாள் மீனாள்.

“ஒட்டுனா உரிச்சுப் பாப்பாங்க. நானா இருந்தா உரிப்பேன்.”

“மறுபடி அடிக்கலாமே?”

“ஃபோட்டோஸ்டாட் கடை மத்தியானமே மூடியாச்சு. அந்த அண்ணே பாகான் செராய்க்குக் கல்யாணத்துக்குப் போய்ட்டாரு.”

“அந்தப் பக்கத்த மட்டும் பிளேடால அறுத்தா?”

விவியன் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். படத்தின் முதுகில் கதையின் தலைப்பு இருந்தது, அதன் கீழே மீனாளின் பெயர். அறுத்தால் கதைக்குத் தலை இருக்காது. மீனாள் அதைப் பார்த்தாள். பெயரின் மேல் விரலை வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள்.

“அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுலா,” என்றாள் விவியன். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. “பாத்தாலும் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. அசிங்கமா ஒண்ணும் வரையலியே. எவ்ளோ அழகா இருக்காங்க.”

“அழகாத்தான் இருக்காங்க. அப்புறம் ஏன் பொய் சொன்ன?”

இதைக் குத்தலாகக் கேட்கவில்லை மீனாள். கேட்டுவிட்டு எழுந்து, புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். “வா, அவங்ககிட்டயே காட்டிருவோம். நாளைக்கு வேன்ல எல்லார் முன்னாலயும் வந்து பாக்குறதுக்கு, இன்னிக்கு வீட்டுல பாக்கட்டும்.”

சிம்பாங் பூலாய் போகிற பாதை விவியனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இருந்தும் ஒரு விளக்கில் தவறாகத் திரும்பி, சுண்ணாம்புக் குன்றின் அடிவாரம்வரை போய், கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாள். பின்னிருக்கையில் பெட்டி ஒவ்வொரு குழியிலும் குதித்தது. அக்கா வீட்டில் இல்லாமல் இருக்கட்டும் என்று ஒருமுறை வேண்டினாள். அப்படியெல்லாம் வேண்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வேண்டியதை உடனே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அக்கா வீட்டில்தான் இருந்தார். நாளைக்குக் கட்டப்போகும் மயில்கழுத்துச் சேலையை நாற்காலியில் விரித்துப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். “அடடே! நாளைக்கு வாரேன்னா இன்னிக்கே புக்கு வீடு தேடி வந்துருச்சு!” என்று பெட்டிக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். மீனாளைப் பார்த்து, “இது யாரு, இவ்ளோ ஒல்லியா? வீட்டுல அடுப்பு இல்லியா?” என்றார்.

விவியன் நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் பழகியிருந்தாள். “அக்கா, ஃபோன்ல பொய் சொல்லிட்டேன். பல்லு இல்லாமதான் வரைஞ்சேன். மன்னிச்சிருங்க.” படம் இருந்த பக்கத்தை விரித்து நீட்டினாள்.

நவமணி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். புத்தகத்தை வாங்கி, வெளிச்சம் வரும் பக்கம் திரும்பி, கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விவியன் அந்த முகத்தில் சிரிப்பு வருமா என்று தேடினாள். ஒரு தடவை வருவதுபோல் இருந்தது. வரவில்லை.

“நல்லாத்தான் வரைஞ்சிருக்க பிள்ள. பேசுற மாதிரி இருக்கு.” மூடிக் கையிலேயே வைத்துக்கொண்டார். “ஆனா இந்தப் பல்லு தானா விழுந்ததில்ல.”

சுவரில் அவருடைய வீட்டுக்காரர் ஆம்புரோஸின் படம், செபமாலை சுற்றித் தொங்கியது. தோட்டத்துக் கோயிலில் ஜெபம் சொன்னவர். தங்கமான மனுசன் என்று விவியனின் அப்பா இன்றைக்கும் சொல்வார். நவமணி அந்தப் பக்கம் திரும்பவில்லை. அறையில் இருந்த மூவரில் அவர் ஒருவர்தான் அந்தச் சுவரைப் பார்க்காமல் இருந்தார்.

“பைப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். போன மனுசன் போய்ட்டாரு. பிள்ளைங்களுக்கு அப்பா நல்ல அப்பா, அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு வேன் நெறைய வாராங்களே, எல்லாரும் அந்த லயத்துல இருந்தவங்க. இதப் பாத்தா கேப்பாங்க. நா மறுபடி மொதல்லேருந்து வழுக்கி விழணுமா, சொல்லு?”

விவியன் அந்தச் சிரிப்பைக் கண்ணால் பார்த்ததால் அது தனக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்தாள். கடவுள் சில முகங்களைக் கண நேரம் திறந்து காட்டுவது வரைந்து வைப்பதற்காக மட்டும் இல்லை போலும். “எடுத்துடுறேன்கா,” என்றாள்.

“எப்படி எடுப்ப? தச்சாச்சே. எடுத்தா மத்தது கெட்டுப் போவாதா?”

விவியன் வாயைத் திறந்தாள். அதற்குள் மீனாள் முந்திக்கொண்டாள்.

“ஒண்ணும் கெடாதுக்கா. நடுத்தாள்தானே, ரொம்ப ஈசி. ஸ்டேப்லர் ஊசிய நிமித்திட்டு உருவுனா வந்துரும்.” பெட்டியைத் தரையில் இறக்கி, முதல் புத்தகத்தை எடுத்துத் தன் முழங்காலில் விரித்தாள். “மொக்கக் கத்தி ஏதாச்சும் இருக்குங்களா? நகம் ஒடஞ்சிரும்.”

விவியன் அவளையே பார்த்தாள். மீனாள் நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

நவமணி ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் கத்தியையும் ஒரு முட்கரண்டியையும் கொண்டுவந்தார். தானும் உட்கார்ந்துகொண்டார். ஊசியின் கால்களை நிமிர்த்துவது, தாளை உருவுவது, கால்களை மறுபடி மடக்குவது என்று மூவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். “கம்பி வேல எனக்குப் பழக்கம்தான். ரப்பர் மரத்துல கோப்பைக்குக் கம்பி கட்டுன கை,” என்றார் அக்கா. எல்லாத் தாள்களையும் அவரே வாங்கி, படம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினார். நடுவை இழந்த புத்தகங்கள் பெட்டிக்குள் திரும்பின. மூடியபின் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. விவியன் ஒன்றைத் திறந்து, கதை இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

பாதிப் பெட்டி முடிந்திருக்கும். அக்காவின் கை நின்றது. கவிழ்த்து வைத்த தாளை மூக்குக்கருகே கொண்டுபோய் எழுத்துக் கூட்டினார்.

“இது என்ன, இங்கயும் எழுதியிருக்கு? இதுவும் போவுதா?”

“அது சும்மா ஒரு கதைக்கா,” என்றாள் மீனாள்.

“சும்மா எப்படி எழுதுவாங்க.” அவர் விரல் தலைப்பைத் தாண்டிக் கீழே இறங்கியது. “மீ… னாள்.” நிமிர்ந்தார். “உன் பேரு என்னா சொன்ன?”

அவள் இன்னும் பெயரே சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நவமணி தாள்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிடுவாரோ என்று விவியனுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. அக்கா அதைச் சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியில் கிடந்த சேலையை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, நாற்காலியை விளக்குக்கு நேராக நகர்த்தினார்.

“எனக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து படிக்க வராது. இங்க வந்து உக்காரு. படி, கேக்குறேன்.”

“இப்பவா?”

“பின்ன எப்ப? சத்தமாப் படி. லாரி போனா நிறுத்து.”

மீனாள் உட்கார்ந்தாள். தாளை வாங்கினாள். இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள். அண்ணன் நாளைக்குக் காலையில் தைப்பிங்கிலிருந்து கிளம்புவார். அவருக்கு இனி என்ன சொல்வது என்பதை அவள் இன்னும் யோசித்திருக்க முடியாது.

“தைப்பிங்கில் மழை வருமா என்று யாரும் கேட்பதில்லை,” என்று படித்தாள். “எப்போது நிற்கும் என்றுதான் கேட்பார்கள்.”

“அது வாஸ்தவம்,” என்றார் நவமணி, தரையில் இருந்து.

விசிறிக் காற்றில் அடுக்கின் மேல்தாள் எழுந்து சரிந்தது, அதன்பின் இன்னொன்று. அவை கூடத்தில் பரவி, சில நிமிர்ந்தும் சில கவிழ்ந்தும் கிடந்தன. பொறுக்க யாரும் எழவில்லை. வெளியே ஒரு கல் லாரி உறுமிக்கொண்டு மேடேறியது. மீனாள் வரியின் மேல் விரலை வைத்து, தலையை நிமிர்த்தி, அது கடந்து போகும்வரை காத்திருந்தாள்.