தமிலா என்று ஒரு மருமகள்

லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் விஜயரத்தினம் அன்று காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்கவில்லை. சோபாவில் குந்துவார், எழும்புவார், திரைச்சீலையை விலக்கித் தெருவைப் பார்ப்பார். மகன் கீர்த்தனன் கட்டப்போகிற ரஷ்யப் பெண் முதன்முதலாகச் சாப்பிட வருகிறாள். பெயர் தமிலா.

அந்தக் கல்யாணத்துக்கு வரவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் மனைவி சிவனேஸ்வரி. அவளை வழிக்குக் கொண்டுவர இவர் கொஞ்சம் சரித்திரம் படைக்க வேண்டியதாயிற்று. சோழர் கப்பலொன்று திசைமாறி வோல்கா ஆற்றில் பனிக்குள் இறுகிவிட்டது. மாலுமிகள் வசந்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வசந்தம் வந்தபோது எல்லோருக்கும் மாமியார் இருந்தார்கள். பிறந்த பெண்களுக்கு மொழியின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பக்கத்து முட்டைக்கோஸ் சூப்பில் இன்றைக்கும் கறிவேப்பிலை மிதக்கிறது.

சிவனேஸ்வரி நம்பிவிட்டாள். இப்போது அந்தப் பெண் வாயைத் திறந்தால் கல்யாணம் தாயில்லாமல்தான் நடக்கும்.

"என்னப்பா, கதிரையிலை முள்ளே கிடக்கு?" என்றாள் சிவனேஸ்வரி.

"காலுக்கு ரத்த ஓட்டம் வேணுமெல்லே."

தமிலா வந்தாள். சோற்றைப் போட்டதும் போடாததுமாகச் சிவனேஸ்வரி கேட்டாள்: "உம்மடை பேர் எங்கையிருந்து வந்தது, பிள்ளை?"

"முதல்லை சாப்பிடட்டும்," என்று விஜயரத்தினம் எழும்பினார்.

"நீங்கள் இருங்கோ."

தமிலா ஆங்கிலத்தில் சொல்ல, கீர்த்தனன் தமிழாக்கினான். "தோமிலா எண்ட பழைய பேரிலையிருந்து வந்ததாம். வாட்டுறது, களைக்கப் பண்ணுறது எண்டு அர்த்தமாம். பெறேக்கை தாயைப் பாடாய்ப் படுத்தின பிள்ளையளுக்கு வைக்கிறதாம். தானும் அப்பிடித்தான் பிறந்ததாம்." ஒருவரும் கேட்காமலே இதையும் சேர்த்தான்: "தமிழுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

விஜயரத்தினம் தண்ணீர் எடுத்துவர அடுப்படிக்குப் போனார். தண்ணீர் மேசையிலேயே இருந்தது.

சிவனேஸ்வரி அகப்பையை வைத்துவிட்டு மகனைக் காட்டினாள். "இவனும் என்னை விடிய விடிய வாட்டினவன். யாழ்ப்பாணத்திலை, கரண்ட் இல்லாத நேரம். இவர் வெளியிலை நிண்டு ஆருக்கோ கதை அளந்துகொண்டிருந்தவர். உம்மடை அம்மாவும் அவ்வளவு பட்டவவோ?"

கீர்த்தனன் மொழிபெயர்க்கும் முன்பே தமிலா, "ஓம்," என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

"அவவின்ரை நம்பரைத் தாரும். கலியாணத்துக்கு என்ன நிறத்திலை உடுக்கிறா எண்டு கேக்கவேணும். ரெண்டுபேரும் ஒரே நிறத்திலை நிண்டால் வடிவில்லை."