கொழுப்புத் தொட்டியில் கிடந்த மாத்திரைகள்

கல்யாணமான நாளிலிருந்து கறிக்கடையைக் கழுவுகிறவளுக்கு எதைக் கண்டும் குமட்டாது என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். குடல், சவ்வு, உறைந்த ரத்தம் எல்லாம் கைக்குப் பழகிப்போனவை. அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் கழிவுக் கொழுப்புத் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தபோதுதான் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. அடியில் கெட்டிப்பட்டிருந்த மஞ்சள் கொழுப்புக்குள் ரோஸ் நிற மாத்திரைகள் புதைந்து கிடந்தன. எச்சிலில் பாதி கரைந்து, ஈ மொய்த்துக்கொண்டு. சீ!

அவள் கையால் அவள் புருஷனுக்குக் கொடுத்தவை அவை. தினமும் காலையில் தண்ணீர் டம்ளரோடு பக்கத்திலேயே நின்று கொடுப்பாள். மனுஷன் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "போதுமா மகராசி?" என்று நக்கல் வேறு அடித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புவார். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து இங்கே வந்து துப்பியிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

படியேறினால் நெஞ்சில் கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது என்று இவர் அலறியதும், ஆஞ்சியோ எடுத்ததும், இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய்க்குள் கொழுப்பு படிந்து வழி சுருங்கிவிட்டதென்று ஸ்டென்ட் வைத்ததும் நேற்று நடந்தது போல இருந்தது. டாக்டர் எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! "குழாயைத் திறந்து உள்ள சின்ன கம்பிவலை வெச்சிருக்கோம். அதோட நோய் போயிடாது. அந்தக் கம்பி மேல தோல் வளர்ற வரைக்கும் ரத்தம் அதுல உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை. நான் சொல்ற வரைக்கும் ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது." இவர் தலையாட்டிப் பொம்மையாய்த் தலையை ஆட்டினார். கடைக்கு வந்ததும், "நெஞ்சுக்குள்ள ஸ்பிரிங்கு வெச்சாச்சுப்பா, இனிமே குதிரைதான்!" என்று ஊரெல்லாம் தம்பட்டம். கடைக்குப் பின்னால் போய்ப் புகைத்துவிட்டு ஏலக்காய் மென்றுகொண்டு வருவதும் நிற்கவில்லை.

வினை கத்தியில் வந்தது. கறி வெட்டுகிறவன் விரலில் கீறல் விழாத நாள் உண்டா? முன்பெல்லாம் விரலைச் சப்பிவிட்டு அடுத்த துண்டை வெட்டுவார். மாத்திரை ஆரம்பித்த பிறகு கீறலில் ரத்தம் சட்டென்று நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. கறி வாங்க வந்த ஒரு அம்மா பார்த்துவிட்டு, "ஐயே, இது ஆட்டு ரத்தமா, உங்க ரத்தமா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். இரும்பு வலைக் கையுறை போடுங்கள் என்று இவள் கரடியாய்க் கத்தினாள். உறை போட்டு வெட்டினால் கத்திக்கே அவமானமாம். கேட்டீர்களா கதையை!

கொழுப்போடு மாத்திரைகளை அள்ளிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அவர் பெஞ்சில் சாய்ந்து நெஞ்சை நீவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஆமா, துப்பினேன். ரத்தம் சொட்டச் சொட்ட வெட்டினா எவன் வாங்குவான்? மானம் போகுதுடி."

"உசுரு போனா பரவாயில்லையா?"

"கத்தாத. காலையிலேர்ந்து வாயு வேற..." என்றவர் முடிக்கவில்லை. சட்டை வியர்வையில் தொப்பலாய் நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துவிட்டது. அவள் வாசலுக்கு ஓடிக் கத்தினாள். அடுத்த கடைக்காரர் ஓடி வந்து ஆம்புலன்ஸை அழைத்தார்.

ஆம்புலன்ஸில் அவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஏதோ கடைசி வார்த்தை சொல்லப் போகிறார் என்று பதறிக் குனிந்தாள்.

"டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்காத. மாத்திரை ஒழுங்கா போட்டேன்னு சொல்லு."

தூ! மூச்சு வாங்குகிற நேரத்திலும் மனுஷனுக்கு வீறாப்புதான். பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, காகிதத்தில் கோடுகளைப் பார்த்த டாக்டர் கேட்டார்: "மாத்திரை விடாம போட்டீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்ல டாக்டர்." நாக்கூசாமல் சொன்னார்.

கடையிலிருந்தே இறுக மூடியிருந்த கையை அவள் வெள்ளை விரிப்பின் மேல் திறந்தாள். கொழுப்பும் மாத்திரையுமாய் அப்பிக்கொண்டு விழுந்தது. நர்ஸ் ஒரு அடி பின்வாங்கினாள்.

"கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கிட்டுத் தொட்டியில துப்பியிருக்கார், டாக்டர்."

டாக்டரின் முகம் மாறியது. "அப்ப ஸ்டென்ட்டுக்குள்ளயே ரத்தம் உறைஞ்சிருக்கும். உடனே உள்ள கொண்டுபோய்த் திறக்கணும். முதல்ல இதை மென்னு முழுங்குங்க."

நர்ஸ் புது மாத்திரைகளை அவர் வாயில் போட்டாள். அவர் மென்றார். கசப்பில் முகம் கோணியது. ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்தார்கள். அவள் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயைத் திற."

இத்தனை வருட வாழ்க்கையில் புருஷனிடம் அவள் அப்படி ஒருமையில் பேசியதில்லை. அவர் மிரண்டு போய்த் திறந்தார். அவள் விரலை விட்டு இரண்டு கன்னத்தையும் துழாவினாள், நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். விரலில் தொட்டிக் கொழுப்பின் நாற்றம் அப்படியே இருந்தது. அவர் ஓங்கரித்தார்.

"குமட்டுதா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எனக்கும்தான். முழுங்கு."

அவர் தொண்டை ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் கம்பியை விட்டாள்.