மடிப்பு மேசையில் ஓர் இடம்

அக்கா அந்தச் சலவைக்கூடத்தைத் தொடங்கியதே தம்பிக்காகத்தான். நாற்பது வயதிலும் அவனுக்கு ஆறு வயதுப் பிள்ளை மனசு. அவனுக்கும் அவனைப் போன்ற பத்துப் பேருக்கும் ஒரு வேலை, ஒரு மரியாதை வேண்டுமென்று அறக்கட்டளை வைத்தாள். நன்கொடை கேட்டு எத்தனை வாசல் ஏறுவது? "கையேந்தாதீங்க, தொழிலா நடத்துங்க" என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? மூன்று இயந்திரம் ஒன்பதானது. பெரிய ஓட்டல் ஒன்று தானே தேடி வந்தது. தினம் எண்ணூறு படுக்கை விரிப்பு, மதியம் இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். தம்பியோ மூலைக்கு மூலை மயிரிழை பிசகினாலும் உதறிவிட்டு முதலிலிருந்து மடிப்பான். ஒரு நாளைக்கு முப்பது தேறினால் பெரிய விஷயம்.

மேற்பார்வையாளர் தலையைச் சொறிந்தார். "வெளியாள் போட்டாத்தான் தாங்கும் மேடம்."

வெளியாள் ஒருவர் வர, பழையவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போனார். அப்படியே இன்னொருவர், இன்னொருவர். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று பெற்றோரிடம் சொல்லி வைத்தாள். கடைசியில் மிஞ்சியவன் தம்பி. "ஊருக்கு ஒரு நியாயம், உங்க தம்பிக்கு ஒரு நியாயமா?" என்று மகளை வீட்டில் வைத்திருந்த ஒரு தாய் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். மறுநாள் அக்கா அவனையும் நிறுத்தினாள்.

அவன் குளித்து, தலை வாரி, சாப்பாட்டு டப்பாவோடு பதினோரு நாள் வீட்டு வாசலில் நின்றான். பன்னிரண்டாம் நாள் நிற்கவில்லை. பாவி, அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது!

அப்புறம் ஒரு கடிதம். இயந்திரம் வாங்க உதவியவர்கள் பார்க்க வருகிறார்களாம். பயனாளிகளையும் சந்திக்க வேண்டுமாம். பயனாளிக்கு எங்கே போவது? மற்ற வீடுகளில் கதவைக்கூடத் திறக்கவில்லை. தம்பிக்குப் புதுச் சட்டை மாட்டிக் கூட்டி வந்தாள்.

மேசையைக் கண்டதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் மடிக்கத் தொடங்கினான். வந்தவர்கள் கைதட்டினார்கள், சுற்றி நின்று படம் எடுத்தார்கள். "அருமையான முயற்சி. இதை இன்னும் பத்து ஊர்ல செய்யணும்" என்று அவள் கையைக் குலுக்கினார் ஒருவர். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

கார் போனதும் வெளியாட்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். சரக்கு மலையாகத் தேங்கிக் கிடந்தது.

"வாடா, வீட்டுக்குப் போகலாம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா."

"போதும்டா. என் ராஜா இல்ல?"

அவன் விரிப்பை விடாமல் அவளைப் பார்த்தான். "நாளைக்கும் போட்டோ எடுக்க வருவாங்களாக்கா?"

"இல்லடா" என்று சொல்லிவிட்டு, அவன் விரல்களை ஒவ்வொன்றாக விரிப்பிலிருந்து பிரித்தாள்.