எட்டு புள்ளி ஏழிலிருந்து ஆறு புள்ளி ஒன்றுக்கு

என்னிடம் படித்து என் மாணவர்கள் முட்டாளாகிவிட்டார்கள். இதை நான் சொல்லவில்லை, கல்லூரியின் தரப் பிரிவு எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. அக்டோபரில் வைத்த முன்தேர்வில் வகுப்பின் சராசரி பத்துக்கு எட்டு புள்ளி ஏழு. அதே கேள்விகளை ஜனவரியில் பின்தேர்வாக வைத்தபோது ஆறு புள்ளி ஒன்று. நடுவில் நடந்தது ஒன்றுதான். நான் பாடம் எடுத்தேன்.

இரண்டு மார்க்குக்கும் உள்ள வித்தியாசம்தான் ஆசிரியரின் உழைப்பு என்பது போன வருஷம் வந்த விதி. வித்தியாசம் ஏறினால் வேலை நிரந்தரம், இறங்கினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பதினொரு வருஷம் ஒப்பந்தத்தில் ஓட்டியவள் நான். இந்த வருஷம்தான் ஸ்மராண்டா கிரியாக் என்ற என் பெயர் நிரந்தரப் பட்டியலுக்கு வந்திருந்தது. மற்றவர்கள் விவரமானவர்கள். முன்தேர்வுத் தாளை எட்டே நிமிஷத்தில் பிடுங்கிவிடுவார்கள். பின்தேர்வுக்கு முந்தின நாள் விடையைச் சொல்லியே போடுவார்கள். வித்தியாசம் பொங்கி வழியும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

அக்டோபரில் முதல் வகுப்பு. அளவியல் பாடம், அதாவது அளப்பதும் அளவில் வரும் பிழையும்; நாற்பத்திரண்டு பேர். "இதுக்கு மார்க் கிடையாது. தெரிஞ்சதை எழுதுங்க, தெரியலன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தரப் பிரிவின் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். மார்க்கே இல்லாத தேர்வில் எவன் காப்பியடிப்பான் என்று நினைத்தேன். முட்டாள் நான்தான். பக்கத்தில் இருப்பவனைத் தேர்வில் கைவிடுவது ருமேனியப் பிள்ளைக்குப் பாவம். பள்ளியில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம் அது. முதல் பெஞ்சில் இருந்த செவெரின், போன வருஷம் உடம்பு முடியாமல் பாதியில் நின்று இதே பாடத்துக்குத் திரும்பி வந்தவன். அவன் தாள் வகுப்பு முழுக்க ஊர்வலம் போயிருக்கிறது.

எப்படித் தெரியும் என்றால், நாலாவது கேள்வி. இரண்டு கம்பிகளை ஒட்டி ஒன்றாக்குகிறோம். ஒன்றை அளந்ததில் மூன்று மில்லிமீட்டர் பிழை இருக்கலாம், மற்றதில் நான்கு. மொத்த நீளத்தில் பிழை எவ்வளவு? ஏழு என்று யாரும் சொல்வார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழைகளை அப்படியே கூட்ட முடியாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்; விடை ஐந்து. செவெரின் இடம் போதாமல் 'கீழே பார்க்க' என்று எழுதி, தாளின் அடியில் கணக்குப் போட்டிருந்தான். மற்ற நாற்பத்தோரு பேரும் 'கீழே பார்க்க' என்று எழுதியிருந்தார்கள். கீழே பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அன்றைக்குக் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அடுத்த வாரம் ஆளுக்கொரு கம்பி கொடுத்தேன், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அடுத்தவன் எண்ணைப் பார்த்து எழுதியவனை அவன் கம்பியே காட்டிக்கொடுத்தது. 'தெரியவில்லை' என்று எழுதியவரை ஒரு நாளும் திட்டியதில்லை, அதுதான் என்னிடம் இருந்த ஒரே விதி. ஜனவரியில் பின்தேர்வு நடந்தபோது நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு தலையும் திரும்பவில்லை. சராசரி ஆறு புள்ளி ஒன்று.

துணை முதல்வர் டிராகோமிர் கூப்பிட்டனுப்பினார். நிர்வாகவியல்காரர். மேசையில் எள் தூவிய கோவ்ரிகி ரொட்டியும் என் படிவமும் இருந்தன.

"என்ன மேடம், பிள்ளைங்களைப் பின்னாடி நடக்க விட்டிருக்கீங்க?"

"முன்னாடி நடந்ததா காட்டினதுதான் பொய், சார். அக்டோபர்ல பாத்து எழுதினாங்க."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க. ஒழுங்கு நடவடிக்கைக் குழு நாப்பத்தோரு பேரையும் ஒரு வருஷம் வீட்டுக்கு அனுப்பிடும். அது வேணாம்னா, தாளெல்லாம் நனைஞ்சுபோச்சுன்னு எழுதுங்க. கூரை ஒழுகுறது ஊருக்கே தெரியும். புதுசா ஒரு முன்தேர்வு இப்ப வெச்சுக்கலாம். தெரியாத மாதிரி எழுதச் சொல்லுங்க."

"நாலு மாசம் தொண்டை கிழியச் சொல்லிக் குடுத்ததை, தெரியாத மாதிரி எழுதச் சொல்லணுமா?"

"ஊரோட ஒத்து வாழக் கத்துக்கோங்க மேடம். உங்க நிரந்தரத்துக்கான குழு வியாழக்கிழமை கூடுது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிற மனுஷன், அதற்குச் சோற்றையும் என்னையே வடிக்கச் சொல்கிறார். இரண்டில் எதையும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படியிறங்கும்போது ஒட்டிலியா நின்றிருந்தாள். பின்தேர்வில் நாலு வாங்கியவள். தேறுவதற்கு ஐந்து வேண்டும்.

"மேடம், உங்க வேலை போயிடுமாமே. முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாரும் பாத்து எழுதியிருப்போமே."

"அடிப்பாவி."

"நெஜமா மேடம். செவெரின் ரெடியாத்தான் இருந்தான். நாங்கதான் வேணாம்னுட்டோம்."

"ஏன் வேணாம்னீங்க?"

கொஞ்சம் யோசித்தாள். "அந்த நாலு என்னோடது மேடம். அதுலயும் ஒண்ணு சும்மா வந்தது."

உண்மைதான். எங்கள் நாட்டில் வெறும் தாளைக் கொடுத்தாலும் ஒரு மார்க் உண்டு, பெயர் எழுதிய கூலி. அதைக் கழித்தால் அவளுக்கு மூன்று. அந்த மூன்றையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

வியாழக்கிழமை நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். டிராகோமிர் நடுவில். என் பக்கம் திரும்பி, "எதிர்மறைக் கற்றல்" என்று வாசித்தார். அப்படி ஒரு வார்த்தை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "ஏதாவது சொல்லணுமா மேடம்?"

"சொல்றதுக்கு முன்னாடி ஒரு முன்தேர்வு வெக்கிறேன். நாலாவது கேள்வி மட்டும். மார்க் கிடையாது. தெரிஞ்சதை எழுதுங்க, தெரியலன்னா விட்டுடுங்க."

சிரித்தார்கள். யாரோ, "சும்மா மார்க் ஒண்ணு உண்டுல்ல?" என்றார்கள். உண்டு என்றேன். தாள் கொடுத்துவிட்டு, கேள்வியை வாசித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். டான்யூப் ஆற்றில் ஒரு மணல் படகு போய்க்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. ஒரு கிசுகிசு. ஒரு செருமல். இன்னொரு கிசுகிசு. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

தாள்களை வாங்கி அங்கேயே வாசித்தேன்.

"பன்னெண்டு. பன்னெண்டு. பன்னெண்டு. மூணும் நாலும் பெருக்கினா பன்னெண்டு, சரிதான். ஆனா பெருக்கச் சொல்லி யாரும் கேக்கல. தெரியாதவங்க ஏழுன்னு சொல்வாங்க. பன்னெண்டுன்னு ஒருத்தர் சொல்லலாம். ஏழு பேர் தனித்தனியா சொல்ல முடியாது."

கடைசித் தாளை மேசையில் வைத்தேன். வேதியியல் பேராசிரியர் ஸாஹாரியாவுடையது.

"இதுல முதல்ல அஞ்சுன்னு எழுதியிருக்கு. அதுதான் சரி. அதை அடிச்சுட்டுப் பக்கத்துல பன்னெண்டுன்னு எழுதியிருக்கு."

ஸாஹாரியாவுக்குப் பக்கத்து நாற்காலி டிராகோமிருடையது. கிழவர் ஸாஹாரியா காது வரை சிவந்துபோனார்.

"எம் பிள்ளைங்க அக்டோபர்ல இப்படித்தான் இருந்தாங்க. ஜனவரியில இப்படி இல்ல. எட்டு புள்ளி ஏழுக்கும் ஆறு புள்ளி ஒண்ணுக்கும் நடுவுல இருக்கிறது இதுதான். அதுக்கு உங்க படிவத்துல கட்டம் இல்லன்னா அது படிவத்தோட குறை. பிள்ளைங்க பேரையும் எழுத மாட்டேன், தாள் நனைஞ்சதுன்னும் எழுத மாட்டேன். என் வேலை உங்க கையில இருக்கு. எடுத்துக்குறதுன்னா எடுத்துக்குங்க."

டிராகோமிர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடிய வெகுநேரம் ஆயிற்று. "ஓட்டுக்கு விடலாம். நிரந்தரப்படுத்துறதுக்குச் சம்மதம்ங்கிறவங்க?"

ஆறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஐந்து பேர்தான் பார்த்தார்கள். ஸாஹாரியா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பாமல், கையைத் தூக்கினார். அப்புறம் ஒரு கை, யோசித்து இன்னொரு கை. கடைசியாக நாலாவது.

நாலுக்கு மூன்று. ஒட்டிலியாவின் மார்க்.

வெளியே வரும்போது டிராகோமிர் கையை நீட்டினார். "அந்த ஏழு தாளையும் குடுத்துட்டுப் போங்க மேடம்."

"முன்தேர்வுத் தாளைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இல்ல சார்" என்றேன். "பின்தேர்வு ஜூன்ல."