எந்தத் தரை?

ஒரு காலத்தில் அணை கட்டியவனே மண்ணைக் கையில் அள்ளி நசுக்கிப் பார்த்தான். பாதை போட்டவனே பாலத்தையும் நிறுத்தினான். கோட்டையும் அகழியும் கட்டிக்கொண்டிருந்த படைப் பொறியாளர்களிடமிருந்து பிரிந்து, குடிமக்களுக்காகக் கட்டுகிறோம் என்று கிளம்பியவர்கள்தான் சிவில்காரர்கள். அதோடு நின்றார்களா? மண்ணுக்கு ஒருவர், தூணுக்கு ஒருவர், சாலைக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர் என்று பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். பங்காளிகளான பிறகு பேச்சுவார்த்தை குறைவதுதானே உலக வழக்கம்.

அந்தப் பங்காளிகளில் இருவர் கல்யாணமும் செய்துகொண்டார்கள். அவள் மண்ணைச் சோதித்துச் சொல்பவள்; அவன் பாலங்களுக்குக் கணக்குப் போடுபவன். கல்லூரியிலிருந்தே அவள் ‘மண்ணு’, அவன் ‘கம்பி’. அவளுடைய பெரியம்மா மட்டும் சிவில் என்றால் கோர்ட்டு என்று நம்பி, எப்போது பார்த்தாலும் வேலித் தகராறுக்கு யோசனை கேட்பாள்.

கொஞ்ச நாட்களாகக் கம்பி குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தான். சாப்பிட உட்காருவான், பாதியில் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான், உடனே மூடுவான். கால்வாய்க்குக் குறுக்கே கட்டும் அந்தப் பாலம்தான் அவன் பெயரில் வரும் முதல் பாலம். அதுவரை அடுத்தவர் வரைபடங்களில் தப்புத் தேடியே காலம் தள்ளியவன். “தலைப்பிரசவம்னா அப்படித்தான் இருக்கும்” என்று மண்ணு கிண்டல் செய்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் தவிப்பு அவளையும் தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலையில் லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கால்வாய்க் கரைக்குக் கிளம்பிவிட்டாள்.

போன கோடையில் துளை போட்டு மண் எடுக்க வந்த இடம்தான். மதியம் ஆனால் பம்ப் ரூமின் மேல்படியில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுவாள். இப்போது படிக்கட்டையே காணோம். பம்ப் ரூம் வாசலும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தன. லாரிகள் அந்த வாசலை உரசிக்கொண்டு போயின.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சேற்றில் லாரி சிக்காமலிருக்கச் சாலைக்காரர்கள் ஆளுயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். அவள் எழுதிக் கொடுத்ததோ, ‘தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டரில் பாறை’ என்று. எந்தத் தரை? மண்காரிக்குத் தரை என்றால் துளை போட்ட அன்று கால் நின்ற இடம். சாலைக்காரனுக்கு அவன் மண் கொட்டி முடித்த மேடு. பாலத்துக்காரனுக்குக் காகிதத்தில் ஒரு கோடு. அந்தத் தரை கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு உயரம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அந்த வரியைத்தான் அவள் எழுதவில்லை.

மேஸ்திரியிடம் ஓடினாள். “குழியெல்லாம் எவ்வளவு ஆழம்?”

“படத்துல உள்ளபடி பன்னெண்டுங்க. அடியில கல்லு கல்லாத்தான் வந்துச்சு.”

அவை பாறையல்ல, பாறைக்கு மேலே கிடக்கும் உருண்டைக் கற்கள். பாறை இன்னும் ஓர் ஆள் ஆழம் கீழே இருந்தது. பாலத்தின் தூண்கள் நிற்கப்போவது அந்தக் குழிகளில் ஊற்றும் கான்கிரீட்டின் மேல்தான். ஒரு குழியை ஏற்கெனவே நிரப்பியிருந்தார்கள். மூன்று குழிகள் இரும்புக் கம்பிக்கூட்டோடு காத்திருந்தன. கான்கிரீட் லாரி வயிற்றைச் சுழற்றிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது.

குழிகளுக்கு அப்பால் நின்றிருந்த கம்பி அவளைப் பார்த்ததும் நடந்து வந்தான்.

“பம்ப் ரூம் படிக்கட்டு எங்கடா?” என்றாள்.

எந்தப் படிக்கட்டு என்று அவன் கேட்கவில்லை. முகம் செத்துப்போயிற்று. “இங்க வேணாம் மண்ணு. வீட்ல பேசிக்கலாம்.”

“உனக்குத் தெரியுமா? எப்போலேருந்து?”

“முதல் குழி ஊத்தறதுக்கு முந்தின நாள். நீ அந்தப் படியில உக்காந்திருந்த போட்டோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.”

“அப்புறமும் ஊத்தினியா?”

“கணக்குப் போட்டுப் பாத்தேன். தாங்கும்.”

“வெள்ளம் வந்து அடிமண்ண அரிச்சா?”

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அறிக்கையில கையெழுத்து உன்னோடது. எழுதிக் குடுத்தபடி செஞ்சேன்னு நான் கழண்டுக்கலாம். நிறுத்தினா மாட்டப்போறது நீ மட்டும்தான். வேலையே போயிடும்.”

இத்தனை நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது இதற்குத்தானா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாசம் வந்தால் புத்தி இப்படியா மழுங்கிப்போகும்?

“எனக்காகன்னு சொல்லாதே. இந்தப் பாலத்து மேல நடக்கப்போறவனுக்கு நான் யாரு?”

“மேடம், நகருங்க! இன்னும் வெச்சிருந்தா உள்ளயே இறுகிடும்!” என்று டிரைவர் கத்தினான். அவள் நகரவில்லை. குழியின் வாயை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஊத்தாதீங்க மேஸ்திரி.”

“ஐயா சொல்லணுமேம்மா.”

ஐயாவான கம்பி காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்ணு போனை எடுத்துத் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டாள். இருவரும் வேலை பார்க்கும் ஆபீஸில் அவர்தான் எல்லோருக்கும் பெரியவர். வணக்கம் சொன்னாலும் எரிந்து விழுகிற மனிதர். லாரி இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், பாறை ஆழத்தப் பழைய தரையிலேருந்து எழுதிட்டேன். இப்ப தரை ஆளுயரம் உசந்திருக்கு. குழி எதுவும் பாறையத் தொடல. தப்பு என்னோடது.”

“எத்தனை ஊத்தியாச்சு?”

“ஒண்ணு சார்.”

“அத ஊத்தறப்போ அங்க யாருக்காவது இது தெரியுமா?”

தன் தப்பைத் தடுமாறாமல் சொல்லிவிட்டவள் இப்போது கம்பியைத் திரும்பிப் பார்த்தாள். கம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பாலத்துக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ‘தெரியாது சார்’ என்று சொன்னால் போதும், முடிந்தது. அந்தச் சொல் உதடுவரை வந்தும்விட்டது. இதற்காகத்தானே சற்று முன் அவனைத் திட்டினாள்?

“என்னம்மா, கேக்குதா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சேதான் ஊத்தினேன்.”

“அப்போ நீ இனிமே அந்தப் பாலத்துப் பக்கம் வராதே” என்றார் பெரியவர். இணைப்பு அறுந்தது.

கம்பி டிரைவரைப் பார்த்து, வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினான். தலைக்கவசத்தைக் கழற்றி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுக் கரையோரமாக நடக்கத் தொடங்கினான். மண்ணு பின்னாலேயே போனாள். நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எட்டிப்போய் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவ எனக்காக எதையும் மறைக்காதே” என்றாள்.

“நீயும் எனக்காக மறைக்கத்தானே போனே” என்றான் அவன்.