அந்தோனியார் திரும்பி நின்ற அறை

கொழும்பு வெள்ளவத்தையில் மலிவான ஹோட்டல், ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஓவியர் அலங்காரம் செய்திருக்கிறார் என்று கேட்டதும் மாத்தளையில் இருந்தபடியே ஃபோனில் அறை பிடித்துவிட்டேன். மறுநாள் என் மனைவி மீனாளுக்குப் பொரளையில் கண்புரை ஆப்பரேஷன். போன முறை பிரஷர் ஏறிப்போய் டொக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தத் தடவையும் ஏறினால் தன்னிடம் வரவே வேண்டாமாம். ஆகவே அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கியாக வேண்டும்.

கதவைத் திறந்தால் சுவரெல்லாம் கடல். அந்த நீலத்தைப் பார்த்தால் இந்து சமுத்திரமே வெளிறிப்போகும். கழிவறைக் கதவில் வாயைப் பிளந்த சுறா. அதன் பல்லுக்குள் கைவிட்டுத்தான் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். கட்டில் ஒரு மீன்பிடிப் படகு, தரையோடு சீமெந்து போட்டுப் பூசியது. தலைமாட்டுச் சுவரில் கொச்சிக்கடை அந்தோனியார், கையில் குழந்தை இயேசுவோடு, கூரையை முட்டும் உயரத்தில்.

மீனாள் அலைச் சத்தத்துக்குக் காது கொடுத்தாள்.

"கடல் இடக்கைப் பக்கம். அப்ப தலைமாடு வடக்கு! ஆப்பரேஷனுக்கு முதல் நாள் என்னை வடக்கே தலை வச்சுப் படுக்கச் சொல்றீங்களா?"

"மாத்திப் படு, முடிஞ்சுது."

"அந்தோனியாருக்குக் காலை நீட்டவா?"

நாங்கள் திருநீறு பூசுகிறவர்கள்தான். ஆனால் நான் ஒருகாலத்தில் புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவன்; செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாத கடைக்காரர் அங்கே யார்? தரையில் படுக்கலாமென்றால், அவள் முழங்காலுக்குக் காலையில் எழுப்பத் துறைமுகத்துக் கிரேன்தான் வர வேண்டும்.

கீழே வரவேற்பில் இருந்த சாமினி, "ரூம் எல்லாம் ஃபுல், அங்கிள்" என்று சொல்லி, ஓவியரையே மேலே அனுப்பினாள். வினோதன் என்று பெயர். முழங்கை வரை பெயின்ட்.

"அம்மா, இது ஆர்ட். கட்டிலைக் கழட்ட ஏலாது."

"தம்பி, திசை பாக்காம ஆர்ட் செய்வீங்களோ?"

"அந்தோனியாருக்கு ஒரு துணி போட்டு மூடட்டா?"

"துணி போட்டா அவருக்குத் தெரியாதாக்கும்! மூச்சு முட்டப்போகுது மனுசனுக்கு."

அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. எனக்கோ பிரஷர் சுவரேறிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. "நாளைக்கு இவளுக்குக் கண் வேணும், தம்பி!" என்று கத்தினேன்.

வினோதன் தாடியைச் சொறிந்தான். பிறகு பழுப்புப் பெயின்டும் தூரிகையும் எடுத்து வந்து, ஏணியில் ஏறி, அந்தோனியாரின் முகத்தைத் தலைமுடியாக்கினான், மார்பை முதுகாக்கினான்.

"இப்ப அவர் கடலைப் பாக்கிறார், அம்மா. உங்கட கால் தெரியாது."

மீனாள் சுவருக்கு மூக்கு முட்டக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "ஓம், திரும்பிட்டார்" என்று சொல்லிக் காலை நீட்டியவள்தான். அவள் குறட்டையில் படகு காலித் துறைமுகம் வரை போய்த் திரும்பியது. பெயின்ட் நாற்றத்தில் நான்தான் விடிய விடிய இருமினேன்.

காலையில் டொக்டர் பார்த்தபோது அவள் பிரஷர் குழந்தைப்பிள்ளைக்குப்போல இருந்தது. ஆப்பரேஷன் முடிந்து அன்றிரவும் அதே படகில்தான் படுத்தாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்தார்கள். பெட்டியை எடுக்க அறைக்கு வந்தோம். கதவடியில் நின்றபடியே கத்தினாள்.

"ஐயோ! அந்தப் பிள்ளை!"

அந்தோனியார் திரும்பித்தான் நின்றார். அவர் கையிலிருந்த குழந்தை இயேசுவைத் திருப்ப வினோதன் மறந்துவிட்டான். தோளுக்கு மேலால் எட்டி, கட்டிலில் இவள் கால் நீட்டிய இடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது குழந்தை.

"ரெண்டு ராத்திரியும் பச்சைப்பிள்ளைக்கு நேரா காலை நீட்டியிருக்கேன்! நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"சத்தியமா நானும் காணலை, மீனாள்."

"அப்ப வாங்க, திரும்பிப் பொரளைக்கே போவோம். அடுத்த ஆப்பரேஷன் உங்களுக்குத்தான்."