நூற்றிருபது சைபர்

கொசு நம்மைக் கடித்துவிட்டுப் போன பிறகுதான் நமக்குத் தெரிகிறது. ஏன்? அதன் குழலில் ரம்பம்போல் பற்கள். அது அதிர்ந்து அதிர்ந்து இறங்குகிறது. எங்கள் கியோட்டோ ஆய்வுக்கூடத்தின் தலைவி ஷிகேனோ நாலு வருஷம் பாடுபட்டு அதையே எஃகில் செய்துவிட்டார். தினமும் ரத்தம் எடுக்க வேண்டிய குழந்தைகளுக்கான ஊசி.

அக்கம்பக்கத்து ஆட்கள் அறுபது பேருக்குப் பழைய ஊசி ஒன்று, புது ஊசி ஒன்று குத்தி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டோம். பழசுக்கு சைபர். புதுசுக்கும் சைபர். அறுபது பேரும்! குத்தினவரிடமே வலிக்கிறது என்று சொல்வது கியோட்டோவில் மரியாதையில்லை. பழைய ஊசியில் மயங்கி விழுந்த தபால்காரர்கூட எழுந்து, தரையை அடைத்துக்கொண்டு கிடந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு சைபர் போட்டார்.

நிதி கொடுக்கும் குழுவிலிருந்து மினகாவா வந்து தாளைப் பார்த்தார்.

"அழகான ஊசிங்க. இன்னும் கொஞ்சம் யோசிக்கலாமே."

எங்கள் ஊரில் இதற்குமேல் கடுமையாக யாரும் கடையை மூடச் சொல்ல மாட்டார்கள். ஷிகேனோவின் முகம் சுண்டியது.

"ஒங்க கையைக் கொஞ்சம் குடுங்க மினகாவா சான்" என்றார்.

பழைய ஊசியை நான் குத்தினேன். அவர் முகம் டோஃபு மாதிரி வெளுத்தது.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமே தெரியலீங்க. ஒங்களுக்குத்தான் சிரமம்."

அடுத்து புது ஊசி. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எப்போ குத்தப்போறீங்க?" என்றார்.

"குத்தி எடுத்தாச்சு சார்."

"அப்படியா? இதுவும் சைபர்தான்."

"மூணாவது எதுல குத்தட்டும்?" என்று கேட்டார் ஷிகேனோ.

"எது ஒங்களுக்கு வசதியோ அது."

ஷிகேனோ பழைய ஊசியை எடுத்தார். மினகாவாவின் வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. கை மட்டும் விருட்டென்று முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"எழுதிக்க ஒகிமோட்டோ" என்றார் ஷிகேனோ என்னிடம். "வாய் சைபர். கை ரெண்டு அடி."

மினகாவா தன் கையை, விருந்தில் உளறிவிட்ட குமாஸ்தாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு குனிந்து வணங்கினார்.

"என் கை மரியாதையில்லாம நடந்துக்கிச்சு, மன்னிக்கணும். ஆறு மாசம் தர்றோம். அந்த அறுபது பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. இந்தத் தடவை வாயைக் கேக்காதீங்க, கையை அளந்துக்குங்க."

கூப்பிட்டோம். அறுபது பேரும் வந்தார்கள், தபால்காரர் உட்பட. வலிக்கவேயில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள், வேறு என்ன சொல்லித் தப்பிப்பார்கள்?